துக்க வருஷத்துக் கிறிஸ்துமஸ்

அம்மா போன பிறகு செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் நான் ஒழுங்காகச் செய்து முடித்தேன். மாநகராட்சியில் பதிந்து இறப்புச் சான்றிதழ் வாங்கினேன். அவளுக்கு வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லிக் கருவூலத்தில் எழுதிக் கொடுத்தேன். தானாக வந்து ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லும் ஆளை அங்கிருந்த பெண் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ரேஷன் கார்டில் பெயரை நீக்கினேன். பத்தாம் நாள், பதிமூன்றாம் நாள் காரியங்களில் மந்திரம் சொன்ன வாத்தியார் தாண்டிப் போன இரண்டொரு இடங்களை நினைவூட்டினேன். வாழ்நாள் முழுக்கத் தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்த்தவருக்குச் சாவும் ஒரு கோப்புதான் என்று என் மனைவி வந்தவர்களிடம் சொன்னாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

எந்த விதியும் இல்லாத ஒரு விஷயம் டிசம்பரில் வந்து சேர்ந்தது.

எங்கள் வீடு கரமனை அக்ரகாரத்தில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராஜா காலத்தில் இந்த மலையாள ஊருக்குக் கோயில் வேலைக்கு வந்து, பிறகு சர்க்கார் வேலைக்கு மாறிய குடும்பம். எங்கள் வழக்கப்படி, வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை, கார்த்திகைக்கு வரிசை விளக்கு இல்லை, பொங்கலுக்குப் பானை இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா ஐப்பசியில், தீபாவளி முடிந்த மறுவாரம் போனாள். கார்த்திகையன்று தெரு முழுக்க விளக்கு எரிய, எங்கள் வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸும் உண்டு. அதைக் கொண்டுவந்தவள் அம்மா. இப்போது செத்துப்போயிருப்பவளும் அவள்தான். அவளுக்காக அனுஷ்டிக்கும் துக்கத்தில் அவளுடைய பண்டிகையும் அடங்குமா அடங்காதா?

அம்மாவின் அப்பா வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்தார். அவள் கல்யாணம்வரை வளர்ந்தது அங்கேதான். லயங்களில், அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், குடியிருந்த தமிழர்களில் பலர் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். டிசம்பர் வந்தால் மூங்கில் பிளாச்சில் நட்சத்திரம் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து, மூடுபனிக்குள் பாடிக்கொண்டே ஏறி வருவார்களாம். "மொதல்ல பாட்டு வரும். அப்பறம் வெளிச்சம் வரும். கடைசியிலதான் மனுஷா வருவா" என்று பேரக்குழந்தைகளிடம் சொல்வாள். அந்தக் குழந்தைகள் ஒவ்வொருவரும் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். என்றாலும் மனுஷா வரும்வரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் டிசம்பரிலேயே அவள் வாசலில் ஒரு தாள் நட்சத்திரத்தைக் கட்டிவிட்டாள். என் பாட்டி, அதாவது அவளுடைய மாமியார், லேசுப்பட்ட ஆள் இல்லை. "மார்கழி மாசம் வாசல்ல வெளக்கு வெச்சா தோஷமா அம்மான்னு கேட்டேன். தோஷம்னு சொல்ல அவாளுக்கு வழி இல்லை" என்பாள் அம்மா. நியாயமான வாதம்தான். மார்கழியும் டிசம்பரும் கைகோத்துக்கொண்டு வருவதற்கு அவள் பொறுப்பல்ல.

என் சின்ன வயதில் நட்சத்திரத்தோடு சரி. பேரக்குழந்தைகள் பிறந்த பிறகுதான் அவள் முழு மூச்சாக இறங்கினாள். கேக் வந்தது. எங்கள் வீட்டில் முட்டை வாசற்படி தாண்டாது. ரம்மைப் பற்றிப் பேச்சே இல்லை. திராட்சையையும் பேரீச்சையையும் கருப்பட்டிப் பாகில் ஊறப்போட்டாள். ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாகக் கொல்லைப்புறத்து நார்த்தங்காயின் தோலைச் சர்க்கரையில் வேகவைத்துச் சேர்த்தாள். இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, அதற்குள் பாத்திரத்தை இறக்கி, மூடிமேல் தணலைப் போட்டு வேகவைத்தாள். பிற்பாடு என் மகள் கேக் சுட ஒரு மின்சார ஓவன் வாங்கித் தந்தாள். அம்மா அதில் அப்பளம் வைத்து மூடினாள். மழைக்காலத்தில் நமுத்துப் போகாமல் இருக்கும் என்று. கேக் லேசாகக் கசக்கும். எங்கள் குழந்தைகள் வேறு இடத்தில் கேக் சாப்பிட்டால் ஏதோ குறைகிறது என்பார்கள். குறைந்தது அந்தக் கசப்பு.

வெந்த கேக்கை நேராக வெட்டிவிட முடியாது. சுவாமி அலமாரிக்கு முன்னால் வைத்து, தீர்த்தம் சுற்றி, மணியடித்து நைவேத்தியம் ஆக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு துணுக்கைக்கூட வாயில் போடக் கூடாது. இதுதான் உலக வழக்கம் என்று என் மகள் நம்பியிருந்தாள். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போனவள், கத்தியோடு நின்ற அந்தத் தோழியின் அம்மாவிடம், "ஆன்ட்டி, நைவேத்யம் கழிஞ்ஞோ?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறாள், நைவேத்தியம் ஆயிற்றா என்று. அந்த அம்மாள் நல்ல மாதிரி. "இல்ல மோளே, இப்போ கழிக்காம்" என்று சொல்லி, கேக்கின் முன் நின்று ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வெட்டினாளாம்.

கிறிஸ்துமஸ் குடிலும் உண்டு. நவராத்திரிக் கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போதே அம்மா சிலவற்றைத் தனியாக எடுத்துவைப்பாள். மாடுகளுக்குப் பஞ்சமில்லை. தவழும் கிருஷ்ணன் வைக்கோலில் படுப்பான், கையில் வெண்ணெயோடு. மூன்று ராஜாக்களாக வருபவர்கள் கடைக்காரச் செட்டியார், ஒரு போலீஸ்காரர், தசாவதாரத்திலிருந்து குடையோடு வாமனர். கடைசியாகச் சொன்னவர் இந்த ஊர் மகாபலியை என்ன செய்தார் என்பது தெரிந்த மலையாளிச் சிநேகிதர்கள் சற்றே திகைப்பார்கள். "பொறந்த கொழந்தையைப் பாக்க யார் வந்தா என்ன?" என்பாள் அம்மா.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சர்ச்சிலிருந்து கரோல் கோஷ்டி ஒன்று வருஷா வருஷம் எங்கள் தெருவுக்குள் வரும். தெருவில் அவர்கள் நிற்பது எங்கள் வீட்டு வாசலில் மட்டும். அம்மா அவர்களுக்குச் சுக்குக் காப்பியும் தேன்குழலும் கொடுப்பாள். தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தேன்குழல் தின்பதை என் மகள் ஆறாம் வகுப்புவரை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். ஜனவரியில் கணவனோடும் மூன்று வயதுப் பெண்ணோடும் கனடாவுக்குக் குடிபோகிறாள். அங்கே போனால் அடுத்த டிசம்பருக்கு வர முடியாது, அதற்கடுத்ததும் நிச்சயமில்லை. அதனால்தான் இந்த டிசம்பரில் குழந்தையோடு வந்தாள். சென்ற வருஷங்களில் குழந்தைக்கு ஒன்றும் தெரியாத வயது. இந்த வருஷம் பார்த்தால் மனதில் நிற்கும். பாட்டியின் நட்சத்திரம், கேக், குடில், பாட்டு எல்லாவற்றையும் ஒரு தடவை குழந்தைக்குக் காட்டிவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அவள் வேறு எதையும் என்னிடம் கேட்கவில்லை.

நான் வாத்தியாருக்குப் போன் செய்தேன். இளைஞர். பஞ்சாங்கத்தை மொபைலில் பார்ப்பவர்.

"வாத்தியார், துக்க வருஷத்துல பண்டிகை இல்லைங்கறது எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ்?"

"எந்தக் கிறிஸ்துமஸ், மாமா?"

"ஒரே ஒரு கிறிஸ்துமஸ்தான் இருக்கு."

"அதுக்கு நம்மள்ட்ட ஒண்ணும் இல்லை கேட்டேளா. பண்ணலாம்னும் இல்லை, பண்ணப்படாதுன்னும் இல்லை. நமக்குப் பண்டிகையே இல்லைன்னா தடையும் இல்லையாக்கும்." விரலால் திரையைத் தள்ளுகிறார் என்று புரிந்தது. "ஆனா மாமா, இந்த மாச மாசிகம் இருபத்தஞ்சாம் தேதியன்னிக்கே வரதே. திதி அன்னிக்குத்தான்."

மாசிகம் என்பது இறந்தவருக்கு முதல் வருஷம் மாதாமாதம் அவருடைய திதியில் செய்யும் காரியம். அன்றைக்கு அடுக்களை முழுக்க மடி ஆசாரம். அந்தச் சமையலைத் தவிர வேறு எதுவும் அடுப்பில் ஏறாது. கர்த்தா, அதாவது நான், பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒருவேளை சாப்பிடலாம், ராத்திரி வீட்டிலேயே பண்ணிய பலகாரம், வெளிப்பண்டம் கூடாது. முதல் நாளும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆக, கேக் விஷயம் தானாகவே தீர்ந்தது. ஒரு பிரச்சினை விதியால் தீரும்போது எனக்கு எப்போதும் ஏற்படும் நிம்மதி ஏற்பட்டது. கொஞ்ச நேரம் நீடிக்கவும் செய்தது.

"கேக் வேண்டாம்பா. ஸ்டாரை மட்டும் கட்டறேன்" என்றாள் மகள்.

"துக்க வருஷம்."

"எனக்கு இல்லையே. நான் கல்யாணமாகி வேற கோத்ரம் போயாச்சு. எனக்குத் தீட்டு மூணு நாளோட போச்சுன்னு நீதானே போன்ல சொன்னே? நான்தானே கட்டப்போறேன்?"

செயலகத்தில் இருந்திருந்தால் வெகுதூரம் போயிருப்பாள். "தடை ஆளுக்கு மட்டும் இல்லை, இந்த வாசலுக்கும்தான்" என்றேன்.

"வாத்தியார் தடை இல்லைன்னாராமே. அம்மா சொன்னா."

"நமக்கு அது பண்டிகையே இல்லைன்னா தடை இல்லைன்னார்."

இடறுகிற இடம் மகளுக்குப் புரிந்துவிட்டது. நட்சத்திரத்தைக் கட்டினால், இத்தனை வருஷமாகப் பாட்டி செய்தது பண்டிகை அல்ல, பொம்மை விளையாட்டு என்று ஒப்புக்கொண்டதாகும். பண்டிகைதான் என்றால் கட்டக் கூடாது. பணியில் இருந்தபோது நான் சில வருஷம் அரசாங்க விடுமுறைப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் இருந்தேன். எது பண்டிகை, எது பண்டிகை இல்லை என்று ஒரு மாநிலத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் சொந்த வாசலுக்கு எழுதிக் கொடுக்கத் தெரியவில்லை.

"பாட்டி இருந்தா என்ன சொல்லுவா?" என்றாள் மகள்.

"பாட்டி இருந்தா துக்கமே இல்லையே."

"உன்னோட பேசி ஜெயிக்க முடியாது" என்று எழுந்து போனாள். அடுக்களையிலிருந்து என் மனைவி, "ஜெயிச்சாச்சா? மனசு நெறஞ்சுதா?" என்று கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது கரோல் கோஷ்டியின் தலைவர் போன் செய்தார். நடுவயசுக்காரர், குடைக்கடை வைத்திருக்கிறார். அம்மா போன விஷயம் அவருக்குத் தெரியும்; பதிமூன்றாம் நாளுக்கு வந்திருந்தார். "சாரே, இக்கொல்லம் வரணோ, வேண்டயோ?" என்று கேட்டார், இந்த வருஷம் வரட்டுமா வேண்டாமா என்று.

வரச் சொன்னால் பண்டிகை. வர வேண்டாம் என்றால், அம்மாவின் பாட்டை நிறுத்தியவன் நான். "நோக்கட்டே" என்றேன். பார்க்கலாம் என்று அர்த்தம். தலைமைச் செயலகம் இந்தப் பதிலின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது. பிறகு நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

அதனால் அவர்கள் வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் செண்டை மேளச் சத்தம் கேட்டது. உள்ளே மகள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தாள். "மொதல்ல பாட்டு வரும். கேளு, கேளு" என்று குழந்தையின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்குப் போனேன்.

பாட்டு நெருங்கி வந்தது. கழியில் கட்டிய நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்தது. தலைவர் எங்கள் வாசலைப் பார்த்தார். நட்சத்திரம் இல்லை. அவர் கையை உயர்த்த, செண்டை நின்றது. பாட்டு ஓரிரு குரல்களில் இழுத்துக்கொண்டு போய் அதுவும் நின்றது. அவர் மட்டும் கேட்டுக்கு வந்தார்.

"பாடட்டே, சாரே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஆம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே ஒரு சொல் போதும். நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்ததும் நினைவிருக்கிறது. என்னென்னவோ உத்தரவுகளை எழுதிக் கொடுத்தவன் நான். எனக்குக் குரல் வரவில்லை.

அவர் நல்ல மனிதர். சாவு வீட்டில் ஒருவரைப் பதிலுக்காக நிறுத்திவைக்கக் கூடாது என்று தெரிந்தவர். "சாரமில்ல, சாரே. அடுத்த கொல்லம்" என்று, பரவாயில்லை என்பதுபோல, என் புறங்கையைத் தொட்டுவிட்டுப் போனார். கோஷ்டி சத்தமில்லாமல் எங்கள் வீட்டைத் தாண்டியது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் தாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். அவர்கள் முனை திரும்பிய பிறகுதான் மறுபடி செண்டை கேட்டது.

உள்ளே குழந்தை, "பாட்டு எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. மகள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாசிகம். குளித்து, ஈர வேஷ்டியோடு உட்கார்ந்து, அம்மாவின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். பிராமணர்கள் சாப்பிட்டுப் போனார்கள். எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. இலையை எடுத்துவிட்டுக் கூடத்தில் சாய்ந்திருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் எதிர்வீட்டு மாமி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

மாமிக்கும் அம்மாவுக்கும் நட்சத்திர விஷயத்தில் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அம்மா கொடுத்தனுப்பும் கேக்கை விரல் நுனியால் வாங்கி, அப்படியே பால்காரனிடம் தள்ளிவிடுவாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் வருஷம் தவறாமல் கொடுத்தனுப்பினாள். அந்த மாமியின் கையில் இப்போது ஒரு பேக்கரிப் பெட்டி இருந்தது.

"அம்பி, காரியம் நன்னா ஆச்சா?"

"ஆச்சு, மாமி."

"இந்தா. முட்டை போடாததாக்கும். மூணு தரம் கேட்டுட்டுத்தான் வாங்கினேன்." பெட்டியை ஊஞ்சல் பலகையில் வைத்தாள். "உங்காத்துப் பண்டிகையாச்சே இன்னிக்கு. துக்க வருஷம், நீங்களாப் பண்ணப்படாது. கொழந்தை வேற வந்திருக்கு. நாங்கதானே கொண்டுவரணும்."

துக்க வீட்டில் பண்டிகைக்குப் பட்சணம் செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் செய்து கொண்டுவந்து தர வேண்டும். கார்த்திகைக்கு இதே மாமி பொரி உருண்டை கொண்டுவந்தாள். நானும் முறைப்படி வாங்கிவைத்தேன். இன்றைக்கு அவள் அதே முகத்தோடு, அதே குரலில் கேக்கை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அவளோடு முடியவில்லை. வடக்கு வரிசையிலிருந்து ஒரு பெட்டி. கோயில் மடப்பள்ளிக்காரர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி. அதை மூடியிருந்தது வாழையிலை. மூலைவீட்டில் குடியிருக்கும் வங்கி அதிகாரி, "எல்லாரும் கொண்டுவரான்னு கேள்விப்பட்டேன், அதான்" என்று சங்கோசத்தோடு நீட்டினார். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. அவரவருக்கு அதுதான் முறை என்று தோன்றியிருக்கிறது. ஊஞ்சல் பலகை நிறைந்து, என் மனைவி பெட்டிகளைத் தரையில் அடுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. அம்மா செய்தது பண்டிகைதான் என்று தெரு ஒத்துக்கொண்டுவிட்டது. அவள் உயிரோடு இருந்தவரை அதை அவளிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. பண்டிகைதான் என்பதால் நான் நட்சத்திரம் கட்டாததும், பாட்டு நின்றதும் சரி என்று ஆகிறது. மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் நான் ஜெயித்திருந்தேன். வாசல் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே ஒன்றும் எரியவில்லை.

மகள் வந்து பெட்டிகளின் நடுவே தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சிரித்தாள். பிறகு முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். போய் என்ன செய்வது என்று தெரியாததால் ஒரு பெட்டியின் மூடியைச் சரியாக மூடினேன்.

"பாட்டி பார்த்திருந்தா…" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

"இவளுக்குத்தான் ஒண்ணுமே காட்ட முடியலை, அப்பா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குழந்தை அதற்குள் ஒரு கேக்கில் விரலை விட்டுத் தோண்டிவிட்டது. "யாருக்கு பர்த்டே, தாத்தா?" என்று கேட்டது.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். "ஒரு கொழந்தைக்கு" என்றேன்.

"எங்கே அந்த பேபி?"

கொலுப் பெட்டியில் இருக்கிறது, பரணில், வெண்ணெயோடு. குழந்தை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து, உள்ளங்கையில் பிசுபிசுக்க வைத்துக்கொண்டு, என் மடியில் ஏறி என் வாயருகே நீட்டியது. காலையில் எள் இறைத்த கை என்னுடையது. அன்றைக்கு நான் வெளிப்பண்டம் தொடக் கூடாது. உதட்டை மூடிக்கொண்டேன். கேக் மீசையில் ஒட்டியது.

"தாத்தா நாளைக்குச் சாப்பிடறேன்டி கண்ணா."

"நாளைக்கு நாங்க ஊருக்குப் போயிடுவோமே" என்றது குழந்தை.

அது எனக்கும் தெரியும். டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.